இரண்டு பொட்டு வைத்த பம்பர்

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டோமா என்று வேலுத்தாய்க்கு மூன்றாவது முறையாகச் சந்தேகம் வந்தது. கழற்றியாயிற்று. கழற்றிய வயரின் தலையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி ஓரமாக ஒதுக்கி வைத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் கையிலிருந்த வெல்டிங் ஹோல்டரை ஆணியில் மாட்டிவிட்டு, ஜீப்பைச் சுற்றி முன்பக்கம் போய் பானெட்டைத் தூக்கிப் பார்த்தாள். கழற்றித்தான் இருந்தது. டீசல் டேங்கின் மேல் போர்த்திய ஈரச்சாக்கையும் தொட்டுப் பார்த்தாள், ஈரம் இருந்தது. வீட்டில் கேஸை மூடினோமா என்பது அடுத்தாற்போல் வந்தது, அதைத் தலையை ஆட்டி விரட்டினாள். ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த காசிமாயன், வண்டிக்குச் சொந்தக்காரன், பொண்ணு பார்க்க வந்தவர்கள் மாதிரி என்னத்துக்கு என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறாய் அக்கா என்று கேட்டான். அவள் ஹோல்டரை ஆணியிலிருந்து எடுத்தாள். சந்தேகம் மண்டையில்தான், கையில் இல்லை. கைக்கு எல்லாம் தெரியும். ராடைச் சொருகி, கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து, வண்டியின் பின்பக்கம், சேஸ் சட்டத்தில் போல்ட்டு போட்ட தாங்கியும் பம்பரும் சேரும் இடத்தில், இப்போதைக்குப் பிடித்து நிற்க வலதுபக்கத் தாங்கிக்கு ஒரு டாக், இடதுபக்கத் தாங்கிக்கு ஒரு டாக், மறுபடி வலது, மறுபடி இடது. நான்கு பொறி. கண்ணாடியை இறக்கியபோது கொட்டகைக்கு வெளியே முந்தல் ரோட்டில் வெயில் ஏறியிருந்தது, அதற்கப்பால் மலை வழக்கம்போலத் தலையில் மேகத்தைப் போட்டுக்கொண்டு நின்றது. மலைக்கு மேலே கேரளாவில் இன்றைக்கு பந்த். ஏலக்காய் எடுக்கப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப்பு ஒன்றும் போடியை விட்டு நகரவில்லை. இந்த ஒரு நாள்தான் காசிமாயன் வண்டியைக் கொடுத்திருக்கிறான். நாளைக்கு விடிகாலை நான்கரைக்கு இந்த பம்பரைக் கட்டிக்கொண்டு அது பதினான்கு பெண்களோடு மலையேற வேண்டும்.

பம்பர் பெட்டியில் வந்தது. வடக்கே எங்கிருந்தோ லாரிப் பார்சலில், தட்டையாக, இருபத்து மூன்று தகடு. ஒவ்வொன்றும் மிஷினில் வெட்டியது, ஓரத்தில் பல்லும் பள்ளமும் வைத்து, ஒன்றின் பல் இன்னொன்றின் பள்ளத்தில் கச்சிதமாகப் போய் உட்காருகிற மாதிரி. நீயே சேர்த்துப் பற்றவைத்துக்கொள் என்று ஒரு படத்தாளும் கூட. காசிமாயன் அதை போனில் பார்த்து வரவழைத்திருந்தான். சேற்றில் புதைந்த வண்டியை இழுக்க இரண்டு பக்கமும் கொக்கி மாட்டும் காது இருக்கிறதாம், பெருவிரல் கனத் தகடாம், எஸ்டேட் ரோட்டில் ஆடி மழைக்கு இதைவிட்டால் வேறு கதி இல்லையாம். பெட்டியைப் பிரித்ததும் அவள் புருஷன் ராசாங்கம் படத்தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். முழுக்க இங்கிலீஷ். இது படம் பார்த்துக் கட்டுகிற வேலை, அவளிடம் கொடு என்று காசிமாயனிடம் சொல்லிவிட்டு ஒரு வாசல் கேட்டுக்கு அளவெடுக்கப் போய்விட்டார். அவள் ஏழாவதோடு நின்றவள். ஆனால் படத்துக்கு என்ன பாஷை? தகட்டில் நம்பர் அடித்திருக்கிறது, படத்தில் அதே நம்பர் இருக்கிறது. ரவிக்கைத்துணி வெட்டிப் போட்டால் எது கை எது முதுகு என்று தெரியாதா? முதல் நாள் ராத்திரி சாப்பிட்ட தட்டை ஒதுக்கிவிட்டு படத்தாளை விரித்துப் பார்த்தவளுக்கு அடுத்த நாள் தாளே வேண்டியிருக்கவில்லை. மூன்று நாளில் பத்தொன்பது தகட்டைச் சேர்த்துவிட்டாள், இன்றைக்கு மீதி இரண்டு காதும் பம்பரைச் சேஸில் மாட்டும் இரண்டு தாங்கியும்தான். ஒரு பக்கமாக ஓட்டிக்கொண்டே போகக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் சூடு காட்டினால் அப்பளம் சுருளுகிற மாதிரி இரும்பும் சுருளும். இந்த ஓரம் ஒரு விரற்கடை, அந்த ஓரம் ஒரு விரற்கடை, ஆறவிடு, மறுபடி. அவசரக்காரனுக்கு இரும்பு கோணிக்கொள்ளும். அவசரம். அந்தச் சொல்லில் நினைப்பு போய் மாட்டிக்கொண்டது, முள்ளில் சேலை மாட்டுகிற மாதிரி, இழுத்தால் கிழியும் என்று அப்படியே விட்டுவிட்டு பம்பரை இறக்கி முழுசாகப் பற்றவைக்க, தாங்கியின் போல்ட்டைக் கழற்ற ஸ்பானரைத் தேடினாள்.

பொட்டு வச்சிரு என்றார் ராசாங்கம். காலையில் சின்னமனூருக்கு கேட்டு மாட்டப் போகும்போது, செருப்பைப் போட்டுக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், முடிச்சதும் பொட்டு வச்சிரு. யார் பொட்டை? போடியில் ஒவ்வொரு பட்டறைக்காரனும் செய்து அனுப்புகிற சாமானின் மறைவில் ஒரு அடையாளம் விடுவான். ராசாங்கத்தின் அடையாளம் ஒரு பொட்டு. ராடை ஒரு கணம் குத்தி எடுத்தால் பட்டாணி அளவுக்கு உருகி உட்காருமே, அது. கேட்டானாலும் கிரில்லானாலும் வலது மூலையில், அடிப்பக்கம். அதை வைத்தால் பார்த்தாயிற்று என்று அர்த்தம், பின்னால் ஏதாவது என்றால் என்னிடம் வா என்று அர்த்தம். அவர் இந்த பம்பரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காததில் அவர் பொட்டை எப்படி வைப்பது? அல்லது உன் பொட்டை வை என்றாரா? அவளுக்கென்று பொட்டு ஏது? பதினைந்து வருஷமாகப் பற்றவைக்கிறாள், வாசல் கேட்டு, மாட்டுவண்டிப் பட்டை, தண்ணீர்த்தொட்டி ஸ்டாண்டு; எல்லாவற்றிலும் அவர் வந்து சுற்றிப் பார்த்துப் பொட்டு வைப்பார், அவள் கையைக் கழுவப் போய்விடுவாள். போன் போட்டுக் கேட்கலாம். கேட்டால் சிரிப்பார். சிரித்துவிட்டு, உனக்குத் தெரியாதா என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று சாயங்காலம் வரை மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பானர் ஸ்டூலுக்கு அடியில் கிடந்தது. காசிமாயன் ஒரு பக்கம் பிடிக்க, இரண்டு பேருமாக பம்பரை இறக்கி இரும்புக் குதிரை ஸ்டாண்டின்மேல் வைத்தார்கள். ஐம்பது கிலோவுக்குக் குறையாது. ராகுகாலம் பத்தரைக்கு, அதற்குள்ளே மாட்டிச் சூடம் காட்டிவிடலாமா அக்கா என்று கேட்டான். எலுமிச்சம்பழம், சந்தனம், சூடம் எல்லாம் மஞ்சள் பையில் தயாராக வைத்திருந்தான். மணி எட்டே முக்கால். பார்க்கலாம் என்றாள்.

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு கண்ணாடிக்குள் போனாள். அதற்குள்ளே போய்விட்டால் வேறு உலகம். பச்சை இருட்டு, நடுவில் ஒரு பொறி, பொறிக்குப் பின்னால் ஒரு சின்னக் குட்டை மாதிரி உருகிய இரும்பு. அந்தக் குட்டையைக் கரை தட்டாமல் நடத்திக்கொண்டு போவதுதான் வேலை. சத்தத்தைக் கேட்டாலே போதும். நல்லெண்ணெயில் வடை வேகிற மாதிரி ஒரே சீராகக் கேட்டால் இரும்பு இரும்பைப் பிடிக்கிறது, படபடவென்று துப்பினால் பிடிக்கவில்லை. இப்போது சீராகக் கேட்டது. வலது காது, இடது காது. வலது தாங்கி, இடது தாங்கி. கை தன்பாட்டில் போனது. கை தன்பாட்டில் போகும்போதுதான் நினைப்பும் தன்பாட்டில் போகிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆயுதபூஜை. அன்றைக்கும் ஒரு ஜீப்பு, வேறொருத்தன் வண்டி. பின்னால் பெண்கள் நிற்க ஒரு படி வேண்டும் என்றான். மொத்தமே இரண்டு தாங்கி, ஒரு பலகைத் தகடு. ராசாங்கம் பொரிகடலை வாங்கக் கடைக்குப் போயிருந்தார், நல்ல நேரம் முடியக் கால்மணி இருந்தது, வண்டிக்காரன் மாலையோடு நின்றான். அவள் பற்றவைத்தாள். பற்றவைத்ததன்மேல் கறுப்பாகப் படிந்திருந்த கசடைச் சுத்தியால் தட்டி உதிர்க்க வேண்டும், உதிர்த்துவிட்டு உள்ளே இரும்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் முறை, அவள் மறந்த முறை அல்ல. நேரமாகிறது என்று தட்டவில்லை. கசடுக்குமேலேயே கறுப்புப் பெயின்டை அடித்துவிட்டாள். பார்வைக்கு மொழுமொழுவென்று அழகாக இருந்தது. பொரியோடு வந்த ராசாங்கம் அவள் முகத்தைப் பார்த்தார், படியைப் பார்க்கவில்லை. அடியில் கொஞ்சம் பெயின்டைச் சுரண்டிப் பொட்டு வைத்தார். ஐந்தாம் மாதம் மலை ரோட்டில் ஒரு கொண்டையூசி வளைவில் படி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அதில் நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மற்றவள் விழுந்தாள். மற்றவள் குருவம்மா, வேலுத்தாயின் கூடப் பிறந்த தங்கச்சி.

ராடு தீர்ந்து குட்டை ஆறிக் கறுத்தது. கண்ணாடியை இறக்கினாள். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்த ராடை எடுத்தாள். குருவம்மாவின் இடது தோள் எலும்பு சரியாகக் கூடவே இல்லை. இன்றைக்கும் அந்தக் கையைத் தலைக்குமேல் தூக்க முடியாது, மகள்தான் தலை சீவிக் கொண்டை போட்டுவிட வேண்டும். கழன்ற படியைத் திருப்பிப் பார்த்து, இது ராசாங்கம் பொட்டாச்சே என்று வண்டிக்காரன் சொன்னான். அது ஊர் முழுக்கப் போனது. அன்றைக்கு வேலுத்தாய் புருஷனிடம், நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதபோது அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒன்றுதான் சொன்னார். "எம்பொட்டு இருக்குல்ல. அப்ப அது என் வேலதான்." அதோடு சரி. அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை. குருவம்மா தன் அக்கா வீட்டில் சோறு தின்று கைநனைப்பதை விட்டாள். பொங்கல் சீர் வந்தால் வாசலிலேயே வாங்கிக்கொள்வாள். ரோட்டில் ராசாங்கம் எதிரே வந்தால், கொலைகாரக் கை வருகிறது ஒதுங்குங்கள் என்று யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொல்வாள். மச்சான் பொட்டு வைத்த எந்த வண்டியிலும் கால் வைக்க மாட்டேன் என்று சபதம். வண்டிக்கு அடியில் குனிந்து தடவிப் பார்த்துத்தான் ஏறுவாள், போலீஸ்காரன் மாதிரி. அவர் தலைகுனிந்து போவார். வேலுத்தாய் பக்கத்தில் நடப்பாள். எட்டு வருஷம் பக்கத்தில் நடந்திருக்கிறாள். சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். முதல் மாதம் சொல்லியிருந்தால் ஒரு தப்பு, இப்போது சொன்னால் இரண்டு தப்பு. வருஷம் ஏற ஏற சொல்வதற்கு விலை ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் அந்த நாளிலிருந்து அவள் தட்டாமல் ஒரு சாமானைக்கூட வெளியே விட்டதில்லை. அதைத் தன் கைக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கையும் கேட்டுக்கொண்டு சீராகப் போனது.

பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது. சிப்பிங் சுத்தியை எடுத்து ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டு வந்தாள். கசடு வேர்க்கடலைத் தோல் மாதிரிச் சுருண்டு உதிர்ந்தது, அடியில் மீன் செதில் போல வரிவரியாக இரும்பு மின்னியது. இடது காது, சரி. வலது காது, சரி. இடது தாங்கி, உள்பக்கம், வெளிப்பக்கம், சரி. தட்டும்போது கணீரென்று கேட்கிறது, கோயில் மணி இல்லாவிட்டாலும் பள்ளிக்கூடத் தண்டவாள மணி அளவுக்கு. வலது தாங்கியின் உள்மூலையில் கசடு உதிர்ந்ததும் ஒரு கரும்புள்ளி. கடுகளவு. ஊதிப் பார்த்தாள், தூசி இல்லை. நகத்தால் சுரண்டினாள், ஓட்டை. இரும்பு கொதிக்கும்போது உள்ளே காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டு போன ஓட்டை. அதற்கடியில் எவ்வளவு தூரம் பொள்ளல் என்று மேலேயிருந்து சொல்ல முடியாது. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். அந்தத் தாங்கியை ஆறு போல்ட்டு பிடிக்கிறது, வேறு மூன்று ஓரத்தில் நல்ல பிடிப்பு இருக்கிறது, இந்த ஒரு மூலை விட்டாலும் பம்பர் விழாது. பெயின்ட் அடித்தால் யாருக்கும் தெரியாது. காசிமாயன் அதற்குள் பெயின்ட் டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்க ஆரம்பித்திருந்தான். மணி பத்தேகால் என்று இரண்டு முறை சொன்னான். பெயின்ட் வாசனை வந்தது. அதே கறுப்பு, அதே வாசனை. ஆனால் ஆச்சரியமாக, மனசு கலங்கவில்லை. பயப்படுவதற்கு இதில் என்ன இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிற ஓட்டைதானே. தெரியாததற்குத்தான் பயப்பட வேண்டும். கிரைண்டரை எடுத்துச் சொருகினாள். என்னக்கா பண்றே என்றான். அந்த மூலையைத் தோண்டிவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும் என்றாள். எவ்வளவு நேரமாகும் என்றான். தோண்டி, பற்றவைத்து, தானாக ஆறவிட்டு, தட்டிப் பார்க்கப் பன்னிரண்டு ஆகும். அவன் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ராகுகாலத்தில் புதுச்சாமானில் கை வைப்பாயா, அண்ணன் இருந்தால் ஒத்துக்கொள்வாரா, கடுகளவு ஓட்டைக்குப் போய் ஊரில் யாராவது இப்படிச் செய்வார்களா என்று வரிசையாகக் கேட்டான். கடைசியில், பொம்பளைகிட்ட வேலையைக் கொடுத்தா இப்பிடித்தான், அரிசியில கல்லுப் பொறுக்கற மாதிரி என்று முனகினான். அவளுக்குக் கோபம் வரவில்லை. கல்லைப் பொறுக்காமல் உலையில் போட்ட சோற்றை எட்டு வருஷமாக ஒருத்தர் மென்றுகொண்டிருக்கிறார்.

"ராகுகாலம் ஒன்றரை மணி நேரத்துல போயிரும் தம்பி," என்றாள். "இது உங்கூடவே மலைக்கு வரும்."

கிரைண்டர் கத்த ஆரம்பித்ததும் அவன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். தோண்டினாள். கடுகு மிளகாயிற்று, மிளகு கடலையாயிற்று. அதற்கடியில் ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு உள்ளே பொள்ளலாக ஓடியிருந்தது. ஓ, இங்கேயா இருந்தாய் என்று மனசுக்குள் கேட்டாள், ஒளிந்துகொண்ட பிள்ளையைக் கண்டுபிடித்த மாதிரி. நல்ல இரும்பு தெரிகிறவரை தோண்டி, துடைத்து, ராடைக் குத்தினாள். வடை வேகிற சத்தம். குட்டை நகர்ந்தது. அன்றைக்கு அந்தப் படியைத் தட்டியிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும், ஒரு சுண்டுவிரல், அரை மணி நேர வேலை, பொரிகடலை கொஞ்சம் நமத்துப் போயிருக்கும். அவ்வளவுதான். ஆறவிட்டாள். தண்ணீர் ஊற்றி ஆற்றினால் இரும்பு நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். தானாகத்தான் ஆற வேண்டும். ஆறுகிறவரை உட்கார்ந்து வீட்டில் கேஸை மூடினோமா என்று ஒரு சுற்று யோசித்தாள். மூடியாயிற்று. பதினொன்றே முக்காலுக்குத் தட்டினாள். கணீர். நான்கு மூலையும் ஒரே சுருதி. அப்புறம்தான் பம்பரைக் குப்புறத் திருப்பி, வலது மூலை அடியில் ராடைக் கொண்டுபோனாள். ஒரு பொட்டு வைத்தாள். ராசாங்கத்தின் பொட்டு மாதிரியே உட்கார்ந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பொட்டு வச்சிரு என்றவர் எதை நினைத்துச் சொன்னாரோ, இனி அது அவர் பாடு. பக்கத்திலேயே ஒரு விரல் தள்ளி இன்னொரு பொட்டு வைத்தாள். இரண்டு பொட்டு. போடியில் யாருக்கும் இந்த அடையாளம் கிடையாது.

பம்பரை மாட்டி ஆறு ஆறாகப் பன்னிரண்டு போல்ட்டையும் முறுக்கியபின், கொட்டகை உத்தரத்தில் தொங்கிய, எடை தூக்கும் செயின் பிளாக்கின் கொக்கியை ஒரு காதில் மாட்டி, காசிமாயனை இழுக்கச் சொன்னாள். ஜீப்பின் பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டு ஒரு சாண் எழும்பித் தொங்கின. மற்றக் காதிலும் மாட்டித் தூக்கிப் பார்த்தார்கள். எங்கேயும் ஒரு முனகல் இல்லை. காசிமாயன் மஞ்சள் பையிலிருந்து சந்தனத்தை எடுத்துக் குழைக்க ஆரம்பித்தான். வண்டியை இறக்கும்போதுதான் ரோட்டைத் தாண்டி குருவம்மா வருவது தெரிந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இடது கையை ஆட்டாமல் வலது கையை மட்டும் வீசி நடக்கிற நடை. கொட்டகைக்குள் வரவில்லை, வெயிலிலேயே நின்று காசிமாயனிடம் மட்டும் பேசினாள். வண்டிக்கு இங்கே வேலை நடப்பதாகக் கேள்விப்பட்டாளாம், நாளையிலிருந்து இந்த வண்டியில் போகிறவர்கள் கணக்கில் தன் பெயரை அடித்துவிட வேண்டுமாம், மூன்று மணிக்கே எழுந்து முந்தல் வரை நடந்து போய் வேறு வண்டி பிடித்துக்கொள்வாளாம். அண்ணன் ஊரிலேயே இல்லை, இது முழுக்க உன் அக்கா வேலை என்றான் அவன். வாய்க்கு வந்ததைச் சொல்லாதே என்றாள். வந்து பாரேன் என்றான். குனிந்து தடவிப் பார்க்கிற பழக்கம் அவளை விடவில்லை. பம்பர் பக்கமாக வந்து, நல்ல கையை அடியில் கொடுத்து வலது மூலையைத் தடவினாள். வேலுத்தாய்க்கு கேஸ், பேட்டரி, ஈரச்சாக்கு, ஒன்றும் மண்டையில் இல்லை. தங்கச்சியின் விரல் தகட்டின் அடியில் நகர்வது மட்டும் தன் முதுகில் நகர்கிற மாதிரித் தெரிந்தது. விரல் நின்றது. ஒரு விரல் தள்ளி மறுபடி நின்றது.

"ரெண்டு இருக்கு," என்றாள் குருவம்மா.

"ரெண்டு இருந்தா அது எம்பொட்டு," என்றாள் வேலுத்தாய். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருவது அவளுக்கே புதிதாக இருந்தது. "நீ விழுந்தியே, அந்தப் படியும் நான் பத்தவச்சதுதான் குருவு. தட்டிப் பாக்காம பெயின்ட் அடிச்சிட்டேன். அவரு பொட்டு மட்டுந்தான் வச்சாரு."

குருவம்மா நிமிரவில்லை. குனிந்தபடியே இரண்டு பொட்டையும் விரலால் மாறி மாறித் தடவினாள். காசிமாயன் சந்தனக் கையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், இனி வாசலில் சீர்கூட வாங்காமல் போகட்டும் என்று வேலுத்தாய் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் தாங்குகிற மாதிரித்தான் இருந்தது, எல்லாமே எடை தெரிந்த சாமான். நிமிர்ந்தபோது குருவம்மாவின் கண் அவள்மேல் இல்லை, எங்கேயோ ரோட்டில், ராசாங்கம் வழக்கமாகத் தலைகுனிந்து போகிற ஓரத்தில் இருந்தது.

"அப்ப மச்சான நான் எட்டு வருசமா ஏசினதெல்லாம்?"

குருவம்மா அக்காவை இப்போது பார்த்தாள், மேலும் கீழுமாக, சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி. அப்புறம் குதிகாலால் பம்பரை ஒரு உதை உதைத்தாள். இன்னொன்று. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். வலது கையால் பின்கம்பியைப் பிடித்து, வெறுங்காலை இரும்பின்மேல் வைத்து ஏறினாள். எட்டு வருஷமாக எந்த வண்டியின் பின்னாலும் நிற்காதவள் ஏறி நின்று, முழு எடையையும் போட்டு ஒரு குதி, இரண்டு குதி, மூன்று குதி குதித்தாள். ஜீப்பின் ஸ்பிரிங் கட்டைதான் கிறீச்சிட்டது, பம்பர் வாயைத் திறக்கவில்லை. நின்ற இடத்திலிருந்து இறங்காமல், மூச்சு வாங்கிக்கொண்டு, அக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

"மச்சான் சாயங்காலம் எத்தன மணிக்கு வரும்?"

ஆறு மணிக்கு மேலாகும் என்றாள் வேலுத்தாய்.

"எனக்கும் சேத்து ஒல வையி," என்று சொல்லிவிட்டு குருவம்மா நாலாவது முறையாகக் குதித்தாள்.